நாய்க்காக அழலாமா? – வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் வயதான நாய்களைப் பராமரிப்பது பற்றி இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பராமரிப்பு பற்றியவை அல்ல, போய்ச் சேர்ந்துவிட்ட நாய்களைப் பற்றியவை. போட்டோ வைத்து அனுப்பியவர்கள் உண்டு, பெயரையும் இறந்த தேதியையும் மட்டும் எழுதி கேள்வியே கேட்காமல் விட்டவர்களும் உண்டு. அதனால் இந்தத் தடவை முழுக்க அந்தக் கடிதங்களுக்கே. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

எங்கள் ஜிம்மி இறந்து ஒரு மாதம் ஆகிறது. பதின்மூன்று வருஷம் எங்களோடு இருந்தது. சமைக்கும்போது, துணி காயப்போடும்போது திடீரென்று அழுகை வந்துவிடுகிறது. "உங்க மாமா செத்தப்பக்கூட நீ இப்படி அழலையே" என்று மாமியார் சொல்லிக்காட்டுகிறார். யோசித்தால் அது உண்மைதான், அதுதான் உறுத்துகிறது. நான் செய்வது தப்பா? – வாசகி, திருச்செங்கோடு

தப்பே இல்லை. மாமனாரைவிட நாய் மேல் உங்களுக்குப் பாசம் அதிகம் என்று இதற்கு அர்த்தமும் இல்லை. மாமனார் போனபோது வீடு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பந்தல் போட்டிருப்பார்கள், சொந்தபந்தம் எல்லாம் வந்து இறங்கியிருக்கும், பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வந்திருக்கும், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாம் உங்களைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பார்கள், பதினாறு நாளும் வருகிறவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தே உங்களுக்கு இடுப்பு ஒடிந்திருக்கும். ஜிம்மிக்கு யார் வந்தார்கள்? மறுநாள் காலையில் வழக்கம்போல இட்லி ஊற்றி, டிபன் பாக்ஸ் கட்டி, எல்லோரையும் அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருப்பீர்கள். அன்றைக்கு அழ நேரமில்லாமல் போனதுதான் இப்போது துணி காயப்போடும்போது வருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. மாமனாரைப் பார்த்துக்கொள்ள மாமியார் இருந்தார், உங்கள் கணவர் இருந்தார். நாய்க்கு நீங்கள்தான் எல்லாம். கதவு திறப்பது, சோறு பிசைவது, தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவுவது, உண்ணி பொறுக்குவது என்று ஒரு நாளில் பத்து இருபது தடவை கை அதற்காக வேலை செய்திருக்கும். பதின்மூன்று வருஷப் பழக்கத்தை ஒரே மாதத்தில் மறந்துவிடு என்று கைக்கு யார் சொல்வது?

மாமியாரிடம் மட்டும் வாதாடாதீர்கள். அவர் சொல்வது நாயைப் பற்றி இல்லை என்று நினைக்கிறேன். தன் வீட்டுக்காரருக்காக இந்த வீட்டில் யாரும் போதுமான அளவு அழவில்லை என்ற குறை அவருக்குள் ரொம்ப நாளாக இருந்திருக்கிறது, இப்போது ஜிம்மி சாக்கில் வெளியே வருகிறது. ஒரு சாயங்காலம் மாமனாரைப் பற்றி அவரிடமே பேச்சுக் கொடுங்கள். மாமனாருக்கும் ஜிம்மிக்கும் எப்படி என்று கேளுங்கள். நான் பார்த்த வீடுகளில் எல்லாம் "நாயெல்லாம் இந்த வீட்ல வேணாம்" என்று குதித்த பெரியவர்தான் கடைசியில் யாருக்கும் தெரியாமல் சட்டைப் பையில் பொறை வைத்துக்கொண்டு திரிவார்.

நாய்க்கு மெத்தை, நாய்க்குப் பிறந்தநாள், செத்தால் போட்டோவுக்கு மாலை… இதெல்லாம் இப்போது வந்த பட்டணத்துப் பழக்கம். எங்கள் காலத்தில் நாய் வாசலோடு சரி. செத்தால் குழி தோண்டிப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். இப்படி அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுவதை நீங்களும் பத்திரிகையில் வளர்த்து விடுகிறீர்களே தம்பி? – வாசகர், பாபநாசம்

மெத்தை, பிறந்தநாள் கேக் விஷயத்தில் உங்கள் கட்சிதான் ஐயா நானும். ஆனால் நாய் செத்தால் வருத்தப்படுவது நேற்று வந்த பழக்கம் இல்லை. ஜெர்மனியில் பான் நகருக்குப் பக்கத்தில் ஓபர்காசல் என்ற இடத்தில் 1914-ல் கல் உடைக்கும் குவாரியில் ஒரு புதைகுழி கிடைத்தது. ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய். ஏறக்குறைய 14,000 வருஷத்துக்கு முந்தைய குழி. அப்போது விவசாயமே கிடையாது. பிற்காலத்தில் அந்த நாயின் பற்களை ஆராய்ந்தபோது, அது ஏழு மாதக் குட்டி என்றும், இன்று நாம் டிஸ்டெம்பர் என்று சொல்கிற கொடிய நோய் அதற்கு வந்து வந்து போயிருக்கிறது என்றும் தெரிந்தது. டிஸ்டெம்பர் வந்த குட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மூக்கும் கண்ணும் ஒழுகி, வாந்தியும் பேதியுமாக, தானாக எழுந்து தண்ணீர்கூடக் குடிக்காது. யாராவது சுத்தம் செய்து, சூடாக வைத்துக்கொண்டு, வாயில் ஊட்டியிருந்தால்தான் அது அத்தனை வாரம் பிழைத்திருக்க முடியும். வேட்டைக்கும் காவலுக்கும் ஒன்றுக்கும் ஆகாத ஒரு நோஞ்சான் குட்டிக்கு, தன் சாப்பாட்டையே அன்றாடம் தேடித் திரிந்த யாரோ ஒருவர் அதைச் செய்திருக்கிறார்.

உங்கள் ஊர்ப் பக்கமும் வாசலோடு சரி என்று சொன்னவர்கள்தான், ராத்திரி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது முன்னால் ஓடுகிற நாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள். அந்த நாயின் பேர் உங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

எங்கள் வீரா சிப்பிப்பாறை நாய். போன மாதம் தவறிவிட்டான். அவன் படத்தைப் பூஜை அறையில் வைத்து மாலை போட வேண்டும் என்று மகன் அடம்பிடிக்கிறான், கணவர் கூடவே கூடாது என்கிறார். பதினாறாம் நாள் ஏதாவது படைத்துக் கும்பிடலாமா? – வாசகி, மதுரை

காலபைரவருக்கு வாகனமே நாய்தான், அதனால் நாய் தீட்டு என்று யாராவது சொன்னால் சிவன் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும், அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. என் அபிப்பிராயம் கேட்டால், ஹாலில் மாட்டுங்கள். நாலு பேர் வந்து போகிற இடத்தில் இருந்தால்தான் "இது யாரு?" என்று ஒருவர் கேட்பார், நீங்கள் கதை சொல்லுவீர்கள். பூஜை அறைக்குப் போனால் அது சாமியாகிவிடும். கறிக்குழம்புச் சட்டியைக் கவிழ்த்த கதையை எல்லாம் சாமியைப் பற்றிச் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் ஒரு கல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறது, அதாவது ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்க நின்று சண்டையில் செத்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவன் ஆயுதத்தோடு நிற்க, பின்னால் ஒரு நாயும் நிற்கிறது. வீரனைப் பற்றி எழுதி முடித்த பிறகு, நாய்க்கென்று தனியாக ஒரு வரி வெட்டியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன், அது கள்ளனைக் "கடித்துக் காத்திருந்தவாறு" என்று. நன்றியுள்ள நாய், உத்தமமான நாய், வீட்டுக்குப் பிள்ளை மாதிரி இருந்தது என்று ஒரு வார்த்தை கிடையாது. பேர் என்ன, என்ன செய்தது, அவ்வளவுதான். கடித்தது, அப்புறம் எஜமான் பக்கத்தை விட்டுப் போகாமல் காத்திருந்தது. ஆயிரத்து நானூறு வருஷம் கழித்து நாம் கோவிவனைப் பேர் சொல்லிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றால் அந்த ஒரு வரியால்தான்.

கர்நாடகத்தில் இன்னொன்று இருக்கிறது, அதில் நம் ஊர்க் கதையும் கலந்திருக்கிறது. 949-ல் அரக்கோணத்துக்குப் பக்கத்தில் தக்கோலத்தில் பெரிய போர் நடந்தது, சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே மடிந்தான். எதிர்ப்பக்கம் இருந்த கங்க மன்னன் பூதுகனிடம் மணலேரன் என்று ஒரு வீரன். அவன் சண்டை போட்ட விதத்தைப் பார்த்து மகிழ்ந்துபோய் "என்ன வேண்டும், கேள்" என்றான் மன்னன். ஊரைக் கேட்கலாம், பொன்னைக் கேட்கலாம், அவன் கேட்டது மன்னனிடம் இருந்த காளி என்ற வேட்டை நாயை. அப்புறம் அந்தக் காளி ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டும் செத்துப்போயின. மண்டியா மாவட்டத்து ஆதகூர்க் கோயில் முன்னால் மணலேரன் அதற்கு ஒரு கல் நட்டு, பூசைக்கு நிலமும் எழுதி வைத்தான். நாயும் பன்றியும் மோதுகிற சிற்பத்தோடு அந்தக் கல் இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தக்கோலப் போரைப் பற்றி எழுதுகிற வரலாற்று ஆசிரியர்கள் பலரும் இந்த நாயின் கல்லையும் ஆதாரமாகக் காட்டுகிறார்கள் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

ஆகவே வீராவுக்கு மாலை போடுவதைவிட, போட்டோவுக்குக் கீழே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள் உங்கள் மகனை. என்ன செய்தான் வீரா? யாரைத் துரத்தினான், எதைத் திருடித் தின்றான், இடி இடித்தால் எங்கே போய் ஒளிந்துகொள்வான்? பொதுவான வார்த்தை எதுவும் இல்லாமல் எழுத வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள், அவனே திணறிப் போய் ஒரு வாரம் யோசிப்பான். பதினாறாம் நாள் தாராளமாகப் படையுங்கள். ஆனால் சர்க்கரைப் பொங்கல் வேண்டாம், வீராவுக்குப் பிடித்த ஈரலோ தலைக்கறியோ வேகவைத்து, தெருவில் இருக்கிற நாய்களுக்கு வைத்துவிட்டு வாருங்கள். மசாலா, வெங்காயம் போடாமல்.

ஐந்து வயது மகனிடம் "டாமி ஊருக்குப் போயிருக்கு" என்று சொல்லி வைத்திருக்கிறோம். தினமும் எப்ப வரும் என்று கேட்கிறான். எப்படிச் சமாளிப்பது? – வாசகர், கோவை

சமாளிக்காதீர்கள், சொல்லிவிடுங்கள். "டாமி செத்துப்போச்சுடா. உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு. இனிமே அதுக்குப் பசிக்காது, வலிக்காது, திரும்பியும் வராது." இவ்வளவு போதும். "தூங்குது" என்று மட்டும் சொல்லவே கூடாது, அன்று ராத்திரியிலிருந்து பிள்ளை தூங்கப் பயப்படும். "சாமி கூட்டிட்டுப் போயிடுச்சு" என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை, அடுத்து அம்மாவைக் கூட்டிப்போகுமா என்றுதான் பிள்ளைக்குத் தோன்றும்.

சொன்ன பிறகும் நாளைக்கு மறுபடி கேட்பான். செத்தது திரும்பாது என்பது ஐந்து வயதில் பிடிபட நாளாகும், அதனால் கேட்கிற ஒவ்வொரு தடவையும் அதே பதிலை அலுக்காமல் சொல்ல வேண்டியதுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். "நான் வாலை இழுத்தேனே, அதனாலயா?" என்ற மாதிரி ஒரு கேள்வி மனசுக்குள் இருக்கலாம், வாய்விட்டுக் கேட்க மாட்டான். அவன் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள், அவன் செய்த எதனாலும் டாமி சாகவில்லை என்று. நீங்கள் அழுவதை அவன் பார்ப்பதிலும் தப்பில்லை.

பதினாலு வயது பிளாக்கிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. ஐந்து நாள் சொட்டு மருந்து ஏற்றியும் கிரியாட்டினின் (சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற கழிவு) இறங்கவில்லை. டாக்டர் சொன்னதன் பேரில் ஊசி போட்டுத் தூங்கவைக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன். கடைசி நிமிஷம் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், செத்த பிறகும் கண்ணை மூடவில்லை. "நீயா இப்படிச் செய்தாய்" என்று கேட்பதுபோல் இருந்தது. தூக்கம் வரமாட்டேன் என்கிறது. – வாசகர், சென்னை

முதலில் கண்ணைப் பற்றி. செத்த நாயின் கண் மூடாது. இமையை மூடி வைத்திருக்கத் தசை வேலை செய்ய வேண்டும், உயிர் போனதும் அந்தத் தசை தளர்ந்துவிடும், கண் பாதியோ முழுசாகவோ திறந்தேதான் இருக்கும். எல்லா நாய்க்கும் அப்படித்தான், எந்தக் காரணத்தால் செத்தாலும் அப்படித்தான். இதை ஊசி போடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிற மருத்துவர்கள் இருக்கிறார்கள், உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அந்தப் பார்வையில் கேள்வி எதுவும் இல்லை.

அந்த ஊசி எப்படி வேலை செய்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள், தெரியாமல் இருப்பதுதான் ராத்திரியில் உங்களைப் படுத்துகிறது. ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கிற வகை மருந்தைத்தான் மிக அதிக அளவில் நரம்பில் செலுத்துகிறார்கள். சில நொடிகளில் நினைவு போய்விடும், அதற்குப் பிறகுதான் மூச்சும் இதயமும் நிற்கும். அதன் பின் ஒன்றிரண்டு தடவை நெஞ்சு ஏறி இறங்கியிருக்கலாம், கால் உதறியிருக்கலாம். அப்போது பிளாக்கி அங்கே இல்லை.

சிறுநீரகத்தைப் பொறுத்தவரை ஒரு கசப்பான உண்மை உண்டு. அதன் வேலைத்திறனில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போன பிறகுதான் வெளியே தெரியவே ஆரம்பிக்கும். தண்ணீர் அதிகம் குடிப்பது, மெலிவது, அப்புறம் வாந்தி, வாயில் புண், மூச்சில் ஒரு மருந்து நாற்றம். நீங்கள் முன்னாலேயே கவனித்திருக்க வேண்டுமோ என்று உங்களையே கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். நாய் வலியை வெளியே காட்டாத ஜாதி. பதினாலு வயதில், ஐந்து நாள் மருந்து ஏற்றியும் இறங்காத கிரியாட்டினினுக்கு மேலே செய்ய ஒன்றும் இருந்திருக்காது. இன்னும் ஒரு வாரம் இழுத்திருக்கலாம், ஆனால் அந்த வாரத்தை அனுபவிப்பது நீங்கள் இல்லை, வாயெல்லாம் புண்ணோடு அவன்.

"என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். பதினாலு வருஷமும் அவன் உங்களைத்தானே பார்த்துக்கொண்டிருந்தான்? சாப்பிடும்போது, செருப்பு மாட்டும்போது, பைக் சாவி எடுக்கும்போது. கூட இருந்தீர்கள், அதனால் கடைசியிலும் பார்த்தான். பார்க்கத் தைரியமில்லாமல் மேஜையில் விட்டுவிட்டு வெளியே போய் நிற்கிற சொந்தக்காரர்கள் நிறைய பேர், அவர்களையும் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் உள்ளே இருந்தீர்கள். தூக்கமின்மை இன்னும் சில வாரம் தொடர்ந்தால் வெட்கப்படாமல் உங்களுக்கான டாக்டரைப் பாருங்கள், "நாய் செத்துப்போச்சு" என்றே காரணம் சொல்லுங்கள்.

எங்களிடம் இரண்டு இருந்தன. பெரியது போனதிலிருந்து சின்னது சரியாகச் சாப்பிடுவதில்லை, அது படுத்த இடத்திலேயே போய்ப் படுத்துக்கொள்கிறது. நாய்க்கும் துக்கம் உண்டா? – வாசகி, நாகர்கோவில்

இத்தாலியில் இரண்டு நாய் வளர்த்து ஒன்றைப் பறிகொடுத்த 426 பேரிடம் கேட்டு 2022-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மிச்சமிருந்த நாய் விளையாட்டைக் குறைத்தது, சாப்பாட்டைக் குறைத்தது, தூக்கம் கூடியது, ஆளை விடாமல் ஒட்டிக்கொண்டது என்று பலர் சொன்னார்கள். இரண்டும் எத்தனை வருஷம் சேர்ந்து இருந்தன என்பதைவிட எவ்வளவு சிநேகமாக இருந்தன என்பதுதான் கணக்கில் வந்தது. எஜமான் எவ்வளவு இடிந்துபோயிருந்தாரோ அவ்வளவுக்கு நாயும் என்பதும் அதில் இருந்தது. அதை நாம் துக்கம் என்று சொல்லலாமா என்பதை விஞ்ஞானிகள் பார்த்துக்கொள்ளட்டும்.

சோறு வைக்கிற நேரம், நடக்கக் கூட்டிப்போகிற நேரம் எதையும் மாற்றாதீர்கள். பெரியதின் துணியை உடனே துவைத்துப் போட்டுவிட வேண்டாம். இரண்டு நாளுக்கு மேல் ஒன்றுமே சாப்பிடவில்லை என்றால் துக்கம் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள், பெரியதுக்கு வந்த நோயே இதற்கும் வந்திருக்கலாம்.

வாடகை வீட்டில் இருக்கிறோம். எங்கே புதைப்பது என்று தெரியாமல் கடைசியில் தகனம் செய்து சாம்பலை டப்பாவில் வைத்திருக்கிறோம். அதை ஒரு செடித்தொட்டியில் போட்டு ஞாபகமாக வளர்க்கலாமா? – வாசகர், தாம்பரம்

நல்ல யோசனைதான், ஆனால் சாம்பலை அப்படியே வேரில் கொட்டினால் செடி கருகிவிடும். அதில் உப்பும் காரமும் அதிகம். ஒன்றிரண்டு கைப்பிடி மட்டும் எடுத்து, பெரிய தொட்டியில் நிறைய மண்ணும் தொழு உரமும் கலந்து வையுங்கள், மிச்சத்தைக் கடலில் கரைக்கலாம்.

சொந்த இடம் இருந்து புதைக்க நினைப்பவர்களுக்கும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று நாலு அடியாவது தோண்ட வேண்டும், கிணறு, போர்வெல் பக்கம் கூடாது, பிளாஸ்டிக் கவரில் கட்டாமல் பருத்தித் துணியில் சுற்ற வேண்டும், மேலே கனமான கல் வைக்க வேண்டும். ஊசி போட்டுத் தூங்கவைத்த நாய் என்றால் இன்னும் கவனம் தேவை. அந்த மருந்து உடலிலேயே தங்கியிருக்கும், தெருநாயோ பருந்தோ தோண்டித் தின்றால் அதுவும் சாகும்.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து எந்த நாய் வந்தாலும் "மணி"தான். மூன்றாவது மணி பார்வோ வந்து எட்டு மாதத்திலேயே போய்விட்டான். உடனே இன்னொரு குட்டி வாங்கி மணி என்றே பேர் வைக்கலாம் என்கிறேன், மனைவி ராசியில்லாத பேர் என்கிறார். – வாசகர், ஈரோடு

பேருக்கு ராசி இல்லை, தடுப்பூசிக்கு இருக்கிறது. உடனே வாங்காதீர்கள். பார்வோ வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருஷம் வரைகூட சாகாமல் இருக்கும். சோப்பு, சாதாரண பினாயில் எதற்கும் மசியாது, தரையை நன்றாகக் கழுவிவிட்டு பிளீச்சிங் கரைசல் ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவிட்டால்தான் போகும். பழைய கிண்ணம், பாய், கயிறு எல்லாவற்றையும் எரித்துவிடுங்கள். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் கழுத்துப் பட்டையை பிளீச்சிங் தண்ணீரில் முக்கி எடுத்து வையுங்கள். அடுத்த குட்டிக்குப் பதினாறு வாரம் வரைக்குமான தடுப்பூசி எல்லாம் போட்டு முடித்த பிறகு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

பேர் விஷயத்தில் உங்கள் வீட்டு வழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற ஊர்தானே நம்முடையது. ஆனால் எட்டு மாதமே இருந்த மூன்றாவது மணி, நாலாவது மணி வந்ததும் பேச்சிலிருந்தே காணாமல் போய்விடுவான். மனைவி சொல்வதன் உள்ளர்த்தம் அதுவாக இருக்கலாம்.

இறந்த நாயையே குளோனிங் செய்து தருகிறார்களாமே, உண்மையா? செலவைப் பற்றிக் கவலையில்லை. – வாசகர், துபாய்

உண்மைதான். உலகத்தின் முதல் குளோனிங் நாய் 2005-ல் தென்கொரியாவில் பிறந்த ஸ்னப்பி, ஓர் ஆப்கன் ஹவுண்ட். அது ஒன்றுக்காக 1,095 கருக்களை 123 பெண் நாய்களின் வயிற்றில் வைத்தார்கள். பிறந்தது இரண்டு, ஒன்று மூன்று வாரத்தில் நிமோனியாவில் செத்தது. இப்போது தொழில்நுட்பம் முன்னேறியிருக்கிறது என்றாலும், உங்கள் ஒரு நாய்க்காக முகம் தெரியாத பெண் நாய்களுக்கு ஆபரேஷன் நடக்கும் என்பது மாறவில்லை.

அப்படி வருவதும் உங்கள் நாய் இல்லை. 2001-ல் டெக்ஸாஸில் ஒரு மூவண்ணப் பூனையைக் குளோனிங் செய்தார்கள், குட்டிக்கு நிறமே வேறு மாதிரி வந்தது. நிறத்துக்கே இந்தக் கதி என்றால், நீங்கள் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது பெட்டி மேல் ஏறிப் படுத்துக்கொள்கிற குணத்தை எந்தக் கருவில் வைத்துத் தருவார்கள்? செலவைப் பற்றிக் கவலையில்லை என்றால் ஊரில் தெருநாய்க் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் கொடுங்கள்.

எங்கள் தெரு டீக்கடை வாசலில் கிடந்த நாய் மீது லாரி ஏறிவிட்டது. பசங்க எல்லாம் சேர்ந்து "கண்ணீர் அஞ்சலி" என்று பிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். ஊரே சிரிக்கிறது. – வாசகர், திண்டுக்கல்

சிரிக்கட்டுமே. பிளெக்ஸில் பசங்க போட்டோ எத்தனை, நாய் போட்டோ எத்தனை என்று எழுதாமல் விட்டுவிட்டீர்கள், எனக்கு அதுதான் முக்கியம். நாய் படம் பெரிதாக இருந்தால் நான் உங்கள் பசங்க பக்கம். வீட்டு நாய்க்காவது ஒரு வீடு அழுகிறது. டீக்கடை நாய்க்கு டீ மாஸ்டர், காலையில் பேப்பர் போடுகிற பையன், ஆட்டோ ஸ்டாண்டு, வறுக்கி வாங்கிப் போட்ட டீச்சர் என்று ஆளுக்குக் கொஞ்சமாகத்தான் துக்கம் இருக்கும், ஒருவரும் தன்னுடையது என்று சொல்ல மாட்டார்கள். நகராட்சி வண்டி வந்து தூக்கிப்போனதும் முடிந்தது. அது வேண்டாம் என்று நினைத்த பசங்க நல்ல பசங்கதான். அனுமதி வாங்கி வைத்தார்களா என்று மட்டும் பாருங்கள், காற்றில் சாய்ந்து யார் தலையிலாவது விழுவதற்குள் கழற்றிவிடவும் சொல்லுங்கள்.

எதிர்வீட்டு நாய் போன வாரம் செத்துப்போனது. அவர்கள் வீட்டில் ஒரே அழுகை. அது என்னை இரண்டு தடவை கடித்திருக்கிறது. துக்கம் விசாரிக்கப் போக வேண்டுமா? – வாசகர், விழுப்புரம்

கடைசியாகக் கடித்தது எப்போது என்று எழுதவில்லையே சார்! கடித்த பிறகு பத்து நாளுக்கு மேல் அந்த நாய் நல்லபடியாக உயிரோடு இருந்தது என்றால், கடித்தபோது அதற்கு வெறிநோய் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம். கடித்த பத்து நாளைக்குள் அது செத்திருந்தால், நீங்களும் அப்போது ஊசி போட்டுக்கொள்ளவில்லை என்றால், இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு இப்போதே அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். காயம் ஆறிவிட்டது, நாள் ஆகிவிட்டது என்று விடாதீர்கள், வெறிநோய் வெளியே தெரிய மாதக்கணக்கில்கூட ஆகும், தெரிந்த பிறகு வைத்தியம் இல்லை. ஊசி அங்கே இலவசம். நாய் எப்படிச் செத்தது, கடைசி நாட்களில் எச்சில் ஒழுகியதா, தண்ணீர் குடித்ததா என்று போகிற வழியில் எதிர்வீட்டில் கேட்டுக்கொண்டு போங்கள், டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார். வீட்டில் அதை மடியில் போட்டு அழுதவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிப்போங்கள். துக்கம் விசாரித்த மாதிரியும் ஆகிவிடும்.